‘ஆஞ்சியோ’வின் வாலை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில், நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஓர் அரசியல் பிரமுகரைப் பற்றிய செய்தி வந்திருந்தது. தலைப்பில் ‘ஆஞ்சியோ சிகிச்சை’ என்று இருக்கிறது. உள்ளே போனால் ‘ஆஞ்சியோ பரிசோதனை’. கடைசிப் பத்தியில் ‘ஆஞ்சியோ செய்யப்பட்டு நலமாக உள்ளார்’ என்று முடித்துவிட்டீர்கள். மூன்றையும் படித்த பிறகும் அவருக்கு அடைப்பு இருந்ததா, ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்களா, இல்லை படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களா என்பது எனக்குப் புரியவில்லை. எழுதியவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆஞ்சியோ என்பது கிரேக்கத்திலிருந்து வந்த ஒரு துண்டு. ரத்தக்குழாய் என்று பொருள், அவ்வளவுதான். ‘ஆஞ்சியோ செய்தார்கள்’ என்றால் ‘ரத்தக்குழாய் செய்தார்கள்’ என்று ஆகிறது. அந்தக் குழாயை என்ன செய்தார்கள் என்பது சொல்லின் வாலில்தான் இருக்கிறது. ‘கிராம்’ என்று முடிந்தால் அது படம், பதிவு. மணிக்கட்டு வழியாகவோ தொடை இடுக்கு வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்தி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் எங்கே அடைப்பு என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது. ‘பிளாஸ்டி’ என்று முடிந்தால் அது சீர்செய்வது. அதே வழியில் பலூனை அனுப்பி, குறுகிய இடத்தை விரித்து, பெரும்பாலும் ஒரு ஸ்டென்ட்டையும் வைத்துவிட்டு வருவது. முதலாவது சோதனை, இரண்டாவது சிகிச்சை. 1977ல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்ற மருத்துவர் இதயக் குழாயில் முதல்முறையாகப் பலூன் விட்டு அடைப்பை விரித்துக் காட்டினார். அதுவரைக்கும் படம் மட்டும் எடுக்கலாம், அடைப்பு தெரிந்தால் மாத்திரை, இல்லாவிட்டால் நெஞ்சைத் திறந்து பைபாஸ் என்பதுதான் நிலைமை. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது, நாம் இரண்டையும் ‘ஆஞ்சியோ’ என்று ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டிவிட்டோம்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு மேஜையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன், டாக்டர் இல்லை. பாரத்தில் சிகிச்சையின் முழுப் பெயரை எழுதாவிட்டால் அனுமதி வராது என்பதால் இந்த வால்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டன. ஒரு அம்மா கோபத்தோடு வந்து மேஜையில் ஃபைலைப் போட்டார். “சார், வீட்டுக்காரருக்குப் போன மாசமே வேற ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ பண்ணியாச்சு, இப்ப மறுபடியும் பண்ணணும்ங்கிறீங்க, காசு பிடுங்கவா?” ஃபைலைத் திறந்து பார்த்தால், அங்கே எடுத்தது ஆஞ்சியோகிராம். இரண்டு குழாய்களில் அடைப்பு என்று தெளிவாக எழுதி, அடுத்து பிளாஸ்டி செய்யவேண்டும் என்றும் கீழே குறித்திருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் ‘ஆஞ்சியோ முடிஞ்சது’ என்று நினைத்து, அந்த மனிதர் மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டு, ஒரு மாதம் அடைப்போடு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேப்பரிலும் டி.வி.யிலும் அப்படித்தானே போடுகிறீர்கள், ‘ஆஞ்சியோ செய்துகொண்டு வீடு திரும்பினார்’ என்று?

ஆங்கில மருத்துவப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது முன்பாதியை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், தமிழாக்குங்கள், அப்படியே ஒலிபெயர்த்து விடுங்கள், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடைசிப் பகுதிக்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தீர்மானித்து எல்லாச் செய்தியிலும் அதையே போடுங்கள். தமிழுக்கு இது புதுசும் இல்லை. ‘கண்வலி’ என்றால் அது வலி, ‘கண்மருந்து’ என்றால் அது மருந்து. நம்முடைய கூட்டுச் சொல்லிலும் கடைசியில் வருவதுதானே விஷயத்தைச் சொல்கிறது.

இதில் அதிகம் அடிபடுவது ‘ஐடிஸ்’ என்ற முடிவு. ஹெபடைடிஸ், ஆர்த்ரைடிஸ், காஸ்ட்ரைடிஸ், அப்பென்டிசைடிஸ், டான்சிலைடிஸ் என்று நீளும் பட்டியலில் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான், அந்த உறுப்பில் அழற்சி. சூடு, சிவப்பு, வீக்கம், வலி என்று அழற்சிக்கு நான்கு அடையாளங்களை முதலாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்சஸ் எழுதி வைத்தார், மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். நம்முடைய ‘அழற்சி’யிலேயே ‘அழல்’ இருக்கிறது, அதாவது நெருப்பு. இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா? ஆனால் உங்கள் பக்கங்களில் ஐடிஸ் ஒருநாள் ‘வீக்கம்’, ஒருநாள் ‘புண்’, ஒருநாள் ‘வாதம்’, ஒருநாள் வெறும் ‘நோய்’. அதைவிடக் கொடுமை, ‘அலர்ஜி’க்குத் தமிழ் ‘அழற்சி’ என்று நினைத்துக்கொண்டு ‘தூசி அழற்சி’, ‘உணவு அழற்சி’ என்று எழுதுவது. ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் சொல்லளவில் உறவில்லை. அலர்ஜிக்கு ‘ஒவ்வாமை’ என்ற நல்ல சொல் பள்ளிக்கூடப் புத்தகம்வரை வந்துவிட்டது.

ஜூலை 28 வந்தால் நீங்கள் போடும் கட்டுரையைச் சொல்கிறேன். அது உலக ஹெபடைடிஸ் தினம். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு வாங்கிய பரூக் புளும்பெர்க் பிறந்த நாள் என்பதால் அந்தத் தேதி. உங்கள் தலைப்பு ‘இன்று உலக மஞ்சள் காமாலை தினம்’. ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. மஞ்சள் காமாலை என்பது கண்ணும் தோலும் மஞ்சளாவது, ஓர் அறிகுறி. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் காமாலை வரும், பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் வருவதும் காமாலைதான், அதெல்லாம் ஹெபடைடிஸ் இல்லை. இந்தப் பக்கம் வந்தால் ஹெபடைடிஸ் பி அல்லது சி உடம்பில் வருடக்கணக்கில் இருந்தும் கண் ஒருநாள்கூட மஞ்சளாகாத ஆட்கள் ஏராளம். அவர்களிடம் போய் ‘உங்களுக்கு மஞ்சள் காமாலை கிருமி இருக்கிறது’ என்று சொன்னால் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு ‘எனக்கா?’ என்று சிரிப்பார்கள், சிரித்துவிட்டு மருந்தைத் தொடமாட்டார்கள். இல்லாவிட்டால் மூன்று நாள் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு முடிந்தது என்பார்கள். ஏ-யும் ஈ-யும் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுவது, பி-யும் சி-யும் ரத்தம், ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று பரவுவது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியை ‘மஞ்சள் காமாலை ஊசி’ என்று எழுதினால், பாட்டி என்ன கேட்பார்? ‘பிள்ளைக்குத்தான் காமாலை இல்லையே, இந்தப் பச்சை உடம்புல எதுக்கு ஊசி?’ கேட்டிருக்கிறார்கள், என் காதால் கேட்டிருக்கிறேன்.

‘மூளைக்காய்ச்சல்’ இன்னொரு கோணி. என்செபலைடிஸும் அதுதான், மெனிஞ்சைடிஸும் அதுதான் உங்களுக்கு. முன்னது மூளையிலேயே அழற்சி, பின்னது மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி. ஜப்பானிய என்செபலைடிஸ் கொசுவால் வருவது, ஒரு பிள்ளையிடமிருந்து பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்குத் தொற்றாது. மெனிஞ்சைடிஸில் சில வகை, இருமல் தும்மல் நெருக்கத்தில் தொற்றும். ஒரு பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ‘மூளைக்காய்ச்சல்’ என்று செய்தி வந்தால் மற்ற பெற்றோர் கொசு வலை வாங்குவதா, பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வதா? மூளை அழற்சி, மூளையுறை அழற்சி என்று எழுதினால் ஒரு சொல்தான் கூடும், தலைப்பில் இடம் போதாது என்ற சாக்கெல்லாம் இதற்குச் சரிப்படாது.

அப்புறம் ‘ஐடிஸ்’ஸுக்கும் ‘ஓசிஸ்’ஸுக்கும் உள்ள வித்தியாசம். ஐம்பது வயது தாண்டிக் கழுத்து வலித்தால் நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ‘ஸ்பாண்டிலைடிஸ்’ என்றுதான் சொல்வார்கள், பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. பெரும்பாலும் அது ஸ்பாண்டிலோசிஸ். அழற்சி இல்லை, வயதால் வரும் தேய்மானம். தேய்மானம் என்ற சொல்லை மக்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், அழகான சொல். உண்மையான ஸ்பாண்டிலைடிஸ் வகை ஒன்று இருக்கிறது, இருபது முப்பது வயதிலேயே தொடங்கும், காலையில் எழுந்ததும் முதுகு மரக்கட்டையாக இறுகியிருக்கும், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும், அதற்கு மருந்தே வேறு. இரண்டையும் நீங்கள் ‘எலும்புத் தேய்மானம்’ என்று போட்டுவிட்டால், இளவயதுப் பையன் ‘இந்த வயசுல தேய்மானமா, சும்மா வேலை செஞ்ச அலுப்பு’ என்று வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருப்பான்.

அறுவைப் பெயர்களுக்கு வருகிறேன். டமி, எக்டமி, ஆஸ்டமி. காதுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டமி என்றால் வெட்டித் திறப்பது. எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுப்பது, அகற்றல். ஆஸ்டமி என்றால் ஒரு திறப்பு அமைப்பது. ஸ்டோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருளே வாய். கண்மாய்க்கு மடைவாய் என்கிறோமே, அதே மாதிரி குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு வாய் வைப்பது கொலாஸ்டமி. பெருங்குடலை வெட்டி எடுப்பது கொலெக்டமி. முன்னது பல பேருக்குத் தற்காலிகம்தான், குடல் ஆறியதும் வாயை மூடி உள்ளே இணைத்துவிடுவார்கள். விபத்தில் வயிற்றில் அடிபட்ட ஒருவர் அந்த வாயில் கழிவைப் பிடிக்கும் பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார், பையை மறைக்க ஜூலை வெயிலில் சால்வை போர்த்தியிருந்தார். தன் விபத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த துண்டுச் செய்தியை மடித்து வைத்திருந்தார், ‘குடல் அகற்றப்பட்டது’ என்று இருந்தது. டாக்டர் சொன்னதைவிட அச்சில் வந்ததைத்தான் அவர் நம்பினார். ‘குடலே இல்லாம எத்தனை நாள் சார் இருப்பேன்?’ என்று கேட்டவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, எழுத்து எழுத்தாக, இது எக்டமி இல்லை அண்ணாச்சி, ஆஸ்டமி, குடல் உள்ளேதான் இருக்கிறது, வாசல்தான் மாறியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் சால்வையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். ‘கர்ப்பப்பை ஆபரேஷன்’ என்ற ஒரு சொல்லில் கருப்பையை முழுதாக எடுக்கும் ஹிஸ்டரெக்டமியும் இருக்கிறது, கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமியும் இருக்கிறது, சில ஊர்களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் அப்படித்தான் சொல்கிறார்கள். முதலாவதற்குப் பிறகு அந்தப் பெண்ணால் பிள்ளை சுமக்க முடியாது. இரண்டாவது, பிள்ளை வேண்டும் என்பவர்களுக்காகவே பல நேரம் செய்யப்படுவது. மாமியார் வீட்டில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘கருப்பை அகற்றல்’, ‘கருப்பைக் கட்டி அகற்றல்’ என்று எழுதுங்கள், போதும். மார்பகப் புற்றுநோய்க்கும் அப்படியே, மார்பகம் முழுவதையும் எடுப்பது வேறு, கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் திசுவையும் எடுப்பது வேறு.

சரி, வாலைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் இயந்திரம் மாதிரி மொழிபெயர்க்க முடியுமா என்றால், முடியாது. ‘ஓமா’ என்று முடிந்தால் பொதுவாகக் கட்டி. லைபோமா சாதாரணக் கொழுப்புக் கட்டி, மெலனோமா ஆபத்தான புற்று, ஹீமடோமா ரத்தக் கட்டு. ஆனால் கிளாக்கோமாவில் கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை, கண்ணுக்குள் நீரழுத்தம் பெரும்பாலும் கூடிப் பார்வை நரம்பு சேதமாவது. அதைக் ‘கண் கட்டி’ என்று எழுதினால் வாசகர் இமையில் வரும் கட்டியை நினைத்துக்கொண்டு கல்லுப்பு ஒத்தடம் கொடுப்பார். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனான வாசெக்டமியும் அப்படித்தான். எக்டமி என்று இருக்கிறதே என்று ‘விந்துக்குழாய் அகற்றல்’ என்று போட்டால், ஏற்கெனவே பயந்து ஓடும் ஆண்கள் மாவட்டத்தையே காலி பண்ணிவிடுவார்கள். உண்மையில் குழாயில் ஒரு சின்னத் துண்டை எடுப்பார்கள், அல்லது வெட்டிக் கட்டுவார்கள். கத்தியில்லாமல் செய்யும் முறையை நம் சுகாதாரத் துறையினர் ‘தழும்பில்லா கருத்தடை சிகிச்சை’ என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் கத்தியைப் பற்றிப் பேசுகிறது, தமிழில் தழும்பைப் பற்றிப் பேசுகிறது, ஆனாலும் ஆளுக்குப் புரிகிறது. எழுதியவர் யாரோ கெட்டிக்காரர்.

பழைய சொற்களையும் தூக்கிப்போட வேண்டாம். நீரிழிவு, ரத்தசோகை இதெல்லாம் எந்த வாலையும் பார்த்து வந்த சொற்கள் இல்லை. அனீமியாவை எழுத்துக்கு எழுத்து ‘ரத்தமின்மை’ என்று மாற்றினால் பொருளும் தப்பு, மக்களுக்கும் தெரியாது. சோகை என்றால் கிராமத்துக் கிழவிக்கும் தெரியும். ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்றால் பிளாஸ்டிக்கை உள்ளே வைத்துத் தைப்பார்கள் என்று நம்புகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது ஆஞ்சியோபிளாஸ்டியில் வரும் அதே ‘பிளாஸ்டி’தான், உருவைச் சீர்ப்படுத்துவது. இன்றைய பிளாஸ்டிக் வாளி, பை எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பே அந்த அறுவைக்குப் பெயர் வந்துவிட்டது. ‘சீரமைப்பு அறுவை’ என்று நீங்களே சில இடத்தில் எழுதுகிறீர்கள், எல்லா இடத்திலும் எழுதினால் என்ன?

மருத்துவமனைப் பலகைகளிலும் இந்தக் கூத்து நடக்கிறது. லாஜி என்று முடிந்தால் ‘இயல்’ என்று போடும் வழக்கம் நிலைத்துவிட்டது, நல்லதுதான். நெஃப்ராலஜி ‘சிறுநீரகவியல்’, யூராலஜி ‘சிறுநீரியல்’. வால் சரி, ஆனால் முன்பாதியில் ஒரே ஒரு ‘அக’தான் வித்தியாசம். கல்லை உடைக்கவேண்டியவர் டயாலிசிஸ் வரிசையில் அரை நாள் நின்றுவிட்டு, ‘இது மருந்து பாக்குற டிபார்ட்மென்ட், ஆபரேஷனுக்கு அந்தப் பக்கம் போங்க’ என்று கேட்டுவிட்டுப் போவார். பலகைக்குக் கீழே ‘சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ்’, ‘கல், புராஸ்டேட், அறுவை’ என்று சின்ன எழுத்தில் போட்டால் தீர்ந்தது.

இதெல்லாம் தமிழில் முடியாது, ஆங்கிலமே தேவலை என்று உங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். 1847ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்ற மிஷனரி மருத்துவர், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்து டாக்டர்களை உருவாக்கியிருக்கிறார், உடற்கூறு முதல் பிரசவம் வரை பெரிய பெரிய பாடப்புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். தமிழில் சொல் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில், என்று முறை வகுத்துக்கொண்டு வேலை செய்தார். வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘கெமிஸ்தம்’, 1875ல். இப்போது சிரிப்பு வரலாம், ஆனால் மனிதர் ஒரு முடிவு எடுத்து அதில் நின்றார் பாருங்கள். நம் காலத்தில் மணவை முஸ்தபா மருத்துவக் கலைச்சொற்களை அகராதியாகவே தொகுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் ‘சத்திரசிகிச்சை’ என்றுதான் எழுதுகிறார்கள், வாசகருக்குக் குழப்பம் குறைவு. உங்களிடம் ஒரே நாளில் முதல் பக்கத்தில் ‘அறுவை சிகிச்சை’, ஏழாம் பக்கத்தில் ‘ஆபரேஷன்’, மாவட்டச் செய்தியில் ‘சர்ஜரி’.

நிருபர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மருத்துவமனை அறிக்கையில் முழுப் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் மக்கள் தொடர்பு அலுவலரிடம் முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், பாதியோடு போனை வைத்துவிடாதீர்கள். உதவி ஆசிரியர்களுக்கு ஒரு தாள் போதும். ஐடிஸ் அழற்சி, ஓசிஸ் பொதுவாக ஒரு நோய்நிலை, எலும்பு மூட்டில் என்றால் பெரும்பாலும் தேய்மானம், எக்டமி அகற்றல், டமி திறப்பு, ஆஸ்டமி வாய் அமைத்தல், பிளாஸ்டி சீரமைப்பு, கிராம் படம், ஸ்கோப்பி உள்நோக்கிப் பார்த்தல், ஆல்ஜியா வலி. விதிவிலக்குகளைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளலாம், கிளாக்கோமாவும் வாசெக்டமியும் முதல் இரண்டு வரியாக இருக்கட்டும். உங்கள் ஞாயிறு மலரில் வாசகர் கேள்விக்குப் பதில் எழுதும் டாக்டரிடம் ஒருமுறை காட்டித் திருத்தி வாங்கிவிடுங்கள், என்னை நம்பி அச்சடிக்க வேண்டாம். வருகிற ஜூலை 28க்கு முன்னால் செய்தால் ரொம்ப உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை